நியமன உத்தரவு வந்த பிறகு

(திருநெல்வேலிப் பகுதியில் ஒரு சபையின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சு நடை பெரும்பாலும் மாற்றப்படாமல் அச்சாகிறது.)



"விசுவாசமும் உத்தியோகமும்" என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, "முப்பத்தாறு வருஷம் பேங்க்கில் இருந்தவர், ஒரு சாட்சி சொன்னால் போதும்" என்றார் நம் போதகர் ஐயரவர்கள். வேலை கிடைத்த சாட்சி எப்படி இருக்கும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். முதலில் வறுமை. பிறகு அம்மாவின் ஜெபம். பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல். அப்புறம் தபால்காரர் கொண்டுவரும் நியமன உத்தரவு. அந்த இடத்தில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வோம், சாட்சி முடிந்துவிடும். என் கதையும் உத்தரவு வரைக்கும் ஏறத்தாழ இதேதான். ஆனால் ரொம்ப நாளாக எனக்கு ஒரு உறுத்தல். உத்தரவு வந்த மறுநாள் காலை பத்து மணி தொடங்கி அறுபது வயது வரைக்கும் நடந்ததை ஏன் ஒருவரும் சாட்சியில் சொல்வதில்லை? இன்றைக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன். கேட்க அவ்வளவு நன்றாக இருக்காது.

நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு உத்தியோகம் என்றால் ஏன் இத்தனை பக்தி என்பதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் பனையை நம்பிப் பிழைத்தவர்கள். மிஷன் பள்ளிக்கூடம் வந்தது. எழுத்து வந்தது. எழுத்தோடு வாத்தியார் வேலை, உபதேசியார் வேலை, கிளார்க் வேலை, நர்ஸ் வேலை எல்லாம் வந்தன. மாதச் சம்பளம் என்பதையே நம் குடும்பங்கள் அப்போதுதான் பார்த்தன. நம் பக்கத்து நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1878இல் கைத்தொழில் பள்ளியும் தொடங்கினார். எழுத்துக்குச் சமமாகத் தொழிலும் கற்கட்டும் என்று நினைத்த மனிதர். ஆனால் நாம் உளியை விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டோம். தப்பென்று சொல்லவில்லை, நானும் அந்தப் பேனாவில் பிழைத்தவன்தான். நடந்தது என்னவென்றால், "கர்த்தர் ஆசீர்வதித்தார்" என்றால் "அரசாங்க வேலை கிடைத்தது" என்று அர்த்தமாகிவிட்டது. வேலைக்கு முன்னால் ஜெபம், வேலை கிடைத்ததும் முதல் மாதச் சம்பளம் காணிக்கை, அதோடு ஆண்டவருடைய பங்கு முடிந்தது. மீதி நம் கெட்டிக்காரத்தனம்.

போன மாதம் வாலிபர் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். "அங்கிள், சென்னையில ஐ.டி. வேலையும் கிடைச்சிருக்கு, இங்கேயே ஸ்கூல் வேலையும் கிடைச்சிருக்கு. எது தேவ சித்தம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" நியாயமான கேள்வி. நானும் அந்த வயதில் கேட்டிருக்கிறேன். எப்படிப் பதில் தேடினேன் என்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

டிசம்பர் 31 நடு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம் அல்லவா? நான் அப்போது வெளி மாவட்டத்தில் ஒரு சின்னக் கிளையில் மேனேஜர். ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதியிருந்தேன். கையை விட்டு எடுத்தால், ஆபிரகாமைச் சொந்த ஊரைவிட்டுப் புறப்படச் சொன்ன வசனம். எனக்கோ சொந்த ஊருக்கு வரவேண்டும். பக்கத்தில் இருந்தவர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அட்டையைத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தேன். இரண்டாவது அட்டை சாதகமாக இருந்தது. அதை மணிபர்ஸில் ஒரு வருஷம் வைத்திருந்தேன்.

அந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அதற்கு வருவேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில் இதுதான். மகளே, வேதத்தில் "எந்த வேலைக்குப் போகட்டும்" என்று கேட்டு விடை பெற்றவர்களை விட, இருக்கிற வேலையில் என்ன செய்யட்டும் என்று கேட்டு விடை பெற்றவர்களைத்தான் நான் அதிகமாகப் பார்க்கிறேன். லூக்கா மூன்றாம் அதிகாரத்தை எடு. யோர்தான் கரையில் ஆயக்காரர் வந்து யோவானிடம், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். ஆயக்காரன் வேலை என்றால் ஊர் காறித் துப்புகிற வேலை. அதை விடு என்று யோவான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார். அடுத்து சேவகர் வருகிறார்கள். ஒருவரையும் மிரட்டிப் பறிக்காதே, பொய் வழக்குப் போடாதே, சம்பளம் போதும் என்று இரு என்கிறார். ஒட்டகமயிர் உடுத்தி வனாந்தரத்தில் இருந்த தீர்க்கதரிசி, ஒரு கணக்குத் தணிக்கையாளர் மாதிரிப் பேசுகிறார். ரசீது, வசூல், சம்பளம். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

விடவேண்டிய வேலையே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. ஆயக்காரரிலேயே இரண்டு பேரைப் பாருங்கள். லேவி சுங்கச் சாவடியை விட்டு எழுந்து போய்விட்டான். எரிகோவின் சகேயு போனதாக எழுதியிருக்கவில்லை. அவன் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்தான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனை திருப்பித் தருகிறேன் என்றான். இருவரும் ஒரே தொழில், ஒரே ஆண்டவர், இரண்டு விதமான முடிவு. இதற்கு அட்டை உதவாது.

நம் சபையிலேயே ஒரு கதை நடந்தது. 2003 கடைசியில் டாஸ்மாக் சில்லறைக் கடைகளை நேரடியாக நடத்தத் தொடங்கியபோது, படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நம் பிள்ளைகளில் சிலர் சூப்பர்வைசராகப் போனார்கள். ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, வேற வழியில்லை, போகலாமா?" என்று கேட்டார். என்னால் ஆம் என்றும் சொல்லமுடியவில்லை, இல்லை என்றும் சொல்லமுடியவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கடை வாசலில் விழுந்து கிடக்கிறவனின் பெண்டாட்டி யார் என்று தெரிந்துகொண்டே பாட்டிலை எடுத்துக் கொடுக்கிற வேலை அது என்று மட்டும் சொன்னேன். அவர் போனார், நாலு வருஷத்தில் தானாகவே விட்டுவிட்டார். அவர் அங்கே இருந்த காலத்தில் அவரைச் சேகரக் கமிட்டித் தேர்தலில் நிற்கவிடவில்லை நாம். விற்கிறவர் கமிட்டிக்கு ஆகாது என்றோம். வாங்குகிறவர்கள் கமிட்டியில் இருந்தார்கள். அவர்களை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டோம்.

சரி, அந்த வருஷத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. கிளையில் ஒரு தற்காலிக மெசஞ்சர் இருந்தார். தண்ணீர் பிடித்து வைப்பது, லெட்ஜர் தூக்கி வைப்பது, தபால் ஆபீஸுக்குப் போவது, சாயங்காலம் கதவு பூட்டும்வரை நிற்பது எல்லாம் அவர். நிரந்தர ஊழியர் ஒருவர் செய்யவேண்டிய வேலை முழுவதையும் தினக்கூலிக்குச் செய்தார். எனக்கு முன்பு இருந்த மேனேஜர் பொறுப்பை ஒப்படைக்கும்போது, சாவிக்கொத்தோடு ஒரு ரகசியத்தையும் ஒப்படைத்தார். "இவருக்கு நாலு பெயரில் வவுச்சர் போடுங்கள். எந்தப் பெயரும் எண்பது நாளைத் தாண்டக் கூடாது."

வங்கியில் இருந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டப்படி, ஒருவர் பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அவரை நினைத்தபடி வெளியே அனுப்ப முடியாது. ஒரு மாத நோட்டீஸ் தரவேண்டும், வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு இழப்பீடு தரவேண்டும். அந்த 240ஐத் தொடவிடாமல் இருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. வருஷத்துக்கு ஏறத்தாழ 290 வேலை நாள். நாலால் வகுத்தால் தலைக்கு எழுபது சொச்சம். அவர் சொந்தப் பெயரில் ஒரு பங்கு, மீதி மூன்றும் இல்லாத ஆட்கள். அவர் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவர். நாலு விதமாகக் கையெழுத்துப் போடப் பழகிவைத்திருந்தார். ஒன்று சாய்வாக, ஒன்று நேராக, ஒன்று ஆங்கில எழுத்தில், ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குண்டு குண்டாக. வவுச்சரை நீட்டினால், "இன்னைக்கு யாரு சார்?" என்று கேட்பார். நான் பெயரைச் சொல்வேன், போடுவார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவேன். அப்போது நான் வெளியூர்ச் சபையில் பொருளாளர்.

அந்த வருஷம் முழுதும் மாற்றலுக்காக ஜெபித்தேன். வெள்ளிக்கிழமை உபவாசம்கூட இருந்தேன். வவுச்சருக்காக ஒரு நிமிஷம் ஜெபித்ததாக ஞாபகம் இல்லை. அது ஜெபத்துக்குள் வருகிற விஷயம் என்றே தோன்றவில்லை. அது ஆபீஸ் விஷயம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆயுத பூஜை வந்தது. கிளையில் லெட்ஜருக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரி, கடலை, வாழைப்பழம் படைத்தார்கள். அந்த மெசஞ்சர் ஒரு இலையில் பொரி கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "எங்களுக்கு ஆகாது, எடுத்துட்டுப் போ" என்றேன். சுருக்கென்றுதான் சொன்னேன். விசுவாசத்துக்காக உறுதியாய் நின்றுவிட்டேன் என்ற திருப்தியோடு அடுத்த காகிதத்தை எடுத்தேன். அது அன்றைய வவுச்சர்.

படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்ற வாதத்துக்குள் போகவில்லை. இதில் மனச்சாட்சி ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் வேதத்தில் இரண்டு இடத்தைச் சேர்த்துப் படியுங்கள். குஷ்டம் நீங்கிய நாகமான், என் எஜமான் ரிம்மோன் கோயிலில் குனியும்போது என் கையில் சாய்ந்துகொள்வான், நானும் குனியவேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று எலிசாவிடம் கேட்கிறான். வேலைக்குப் போகிற ஒருவன் கேட்கிற அசல் கேள்வி. எலிசா சட்டம் எதுவும் போடவில்லை, சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிடுகிறார். பவுலோ கொரிந்தியருக்கு எழுதும்போது, கடையில் விற்கிறதை ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள், படைத்தது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால் அவனுக்காகச் சாப்பிடாதிருங்கள் என்கிறார். இரண்டு பேருமே எதிரே நிற்கிற மனிதனைப் பார்த்துப் பேசுகிறார்கள். நான் பொரியைத்தான் பார்த்தேன். அதைக் கொண்டுவந்தவர் என் கிளையில் எல்லாருக்கும் கீழே இருந்தவர், அன்றைக்கு எனக்கு ஒன்றைக் கொடுக்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அவருக்கு அதுதான். இதெல்லாம் எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று. வேண்டாம் என்பதைக்கூட நாலு நல்ல வார்த்தையோடு சொல்லியிருக்கலாம்.

மாற்றல் வந்தது. ஊருக்கு வந்தேன். சபையில் சாட்சியும் சொன்னேன்.

சில வருஷம் கழித்து, தற்காலிகமாக வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் எடுத்தார்கள். அந்த மெசஞ்சர் பெயரில் பதிவு ஒவ்வொரு வருஷமும் எழுபது சொச்சம் நாள்தான். தேறவில்லை. விலாசம் விசாரித்து என் வீட்டுக்கு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். மற்ற மூன்று பெயரும் நான்தான் என்று நீங்கள் ஒரு கடிதம் தந்தால் போதும் சார் என்றார். கடிதம் கொடுத்தால் பொய் வவுச்சரில் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று எழுதிக்கொடுத்த மாதிரி. எனக்கு அப்போது பதவி உயர்வு நேர்முகம் பக்கத்தில் இருந்தது. மேலே ஒரு மொட்டைக் கடிதம் போனாலே விஜிலென்ஸ் கிளம்பிவரும், நானே கையெழுத்துப் போட்ட கடிதம் போனால் என்ன ஆகும்? "என்னால முடியாது தம்பி. உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சாமி கும்பிடுததுக்கு எங்க வீட்டுலயும் ஆள் இருக்கு சார். எனக்கு லெட்டர்தான் வேணும்" என்றார்.

நாங்கள் ஆலயத்துக்குப் போனோம். அன்றைக்கு என்ன பிரசங்கம் என்று ஞாபகம் இல்லை.

திராட்சத் தோட்டத்து வேலைக்காரர் உவமையை நாம் எத்தனை தடவை கேட்டிருப்போம். கடைசி நேரத்தில் மனந்திரும்பினாலும் பரலோகம் உண்டு என்று அர்த்தம் சொல்லி முடித்துவிடுவோம். அந்த அர்த்தம் இருக்கட்டும். ஆனால் நம் ஊரில் காலை ஏழு மணிக்கு முச்சந்தியில் கொத்தனாரும் சித்தாளும் தூக்குவாளியோடு நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களே, ஒன்பது மணி தாண்டினால் அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இயேசு அந்தக் கூட்டத்தைத்தான் சொல்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கும் அங்கே ஆள் நிற்கிறது. ஏன் நிற்கிறீர்கள் என்றால், யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். தோட்டக்காரன் காரியக்காரனைக் கூப்பிட்டு, கடைசியாக வந்தவனிலிருந்து தொடங்கி எல்லாருக்கும் கூலி கொடு என்கிறான். எல்லாருக்கும் ஒரு பணம், ஒரு நாள் கூலி. ஒரு மணி நேரம் வேலை பார்த்தவன் வீட்டிலும் முழு நாள் சாப்பாடுதானே வேண்டும்? அன்றன்று சூரியன் மறையுமுன் கூலியைக் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்பது உபாகமத்தில் இருக்கிற கட்டளை. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். வேதம் முழுக்க இந்தக் கூலிக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த உவமையில் நான் யார் என்று யோசித்தேன். தோட்டக்காரனும் இல்லை, கூலிக்காரனும் இல்லை. நான் அந்தக் காரியக்காரன். கொடு என்று எஜமான் சொன்னதை நாலாகப் பிரித்து எழுதியவன்.

உத்தியோகத்தில் விசுவாசத்தோடு இருந்தவர் யாருமே இல்லையா என்றால், இருந்திருக்கிறார்கள். நம் மேடையில் நாம் சொல்லாத ஒருவரைச் சொல்கிறேன், அவர் ரோமன் கத்தோலிக்கர் என்பதால்தான் சொல்வதில்லையோ என்னவோ. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. திருச்சிப் பக்கம் குளத்தூரில் 1826இல் பிறந்தவர். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 1857இல் முன்சீப் ஆனார். நீதிநூலில் கைக்கூலி வாங்குகிறவர்களை விளாசியிருக்கிறார். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. 1805 முதல் 1861 வரை வந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்று வெளியிட்டார். கோர்ட்டு வாசலில் நிற்கிற விவசாயிக்குத் தன் வழக்கு எந்தச் சட்டத்தில் நிற்கிறது என்று புரியவேண்டும் என்பது அவர் கவலை. மேஜையில் வசனம் ஒட்டிவைப்பதைவிட இது பெரிய ஊழியம் என்பேன். பாருங்கள், நான் மேனேஜராக இருந்த காலமெல்லாம் கடன் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டே இருந்தேன். ஒருவருக்காவது அதைத் தமிழில் படித்துக் காட்டினேனா? 1876-78 பஞ்சத்தில் வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவழித்து ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றியதைப் பார்த்து, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் ஒரு கீர்த்தனையே பாடினார். கிறிஸ்தவ அதிகாரி ஒருவரைச் சைவப் பக்தர் ஒருவர் பாடினார் என்றால், அந்தச் சாட்சியை யாரும் இரண்டாம் அட்டை எடுத்து வாங்கமுடியாது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். கிறிஸ்தவ ஸ்தாபனத்துக்குள் வேலை பார்க்கிறவர்களுக்குள்ளே உறவு எப்படி இருக்கவேண்டும் என்று உலகத்துக்கே முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னவர் நம் மாவட்டத்துக்காரர். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு தெலுங்கு நாட்டுக்கு, தோர்னக்கல்லுக்குப் போனார். 1912இல் அத்தியட்சர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1910இல், எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. அங்கே, வெள்ளைக்கார மிஷனெரிகளுக்கும் அவர்களுக்குக் கீழே வேலை செய்கிற இந்தியர்களுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசினார். நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடம்பையும் கொடுத்தீர்கள், அதற்கெல்லாம் நன்றி. எங்களுக்கு நட்பு வேண்டும் என்றார். அரங்கத்தில் எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. சம்பளம் கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்ட கேள்வி, உண்மையில் ஒரு ஆபீஸ் கேள்விதான்.

நூறு வருஷம் தாண்டிவிட்டது. துரைமார் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம். எதிரே நிற்பவரும் நம் ஆள்தான்.

நகைக்கடன் பிரிவில் இருந்தபோது ஒரு தகப்பனார் வந்தார். மனைவியின் தாலிச் சங்கிலி தவிர எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். நகைக்கடனுக்குக் காரணம் ரொம்பத் தோண்டிக் கேட்பது வழக்கமில்லை, பேச்சுவாக்கில் கேட்டேன். மகளுக்கு டீச்சர் வேலைக்காம். "நம்ம ஸ்கூல்தான் சார்" என்று சந்தோஷமாகச் சொன்னார். நன்கொடை என்று அதற்குப் பெயர். ரசீது கிடையாது. அந்தப் பெண் முதல் மாதச் சம்பளத்தைக் காணிக்கையாகப் படைத்திருப்பாள், நாமும் ஸ்தோத்திரம் சொல்லியிருப்போம். அந்தச் சம்பளத்தில் எத்தனை வருஷம் நகை மீட்கப் போயிற்று என்று யாரும் கேட்டிருக்கமாட்டோம். பணம் கேட்கிற இடத்தில் கிடைக்கிற வேலையைத் தேவ சித்தம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், அது எந்த ஸ்தாபனமாக இருந்தாலும் சரி.

உடன் வேலை பார்க்கிறவர்களோடு மனஸ்தாபம் வந்தால் என்ன செய்வது என்று சிலர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மத்தேயு பதினெட்டில் இருக்கிறது. முதலில் நீயும் அவனும் தனியே பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபை. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் வாட்ஸ்அப் குழு, பிறகு மேலதிகாரி, கடைசிவரை அவனிடம் மட்டும் பேசுவதில்லை. ஆபீஸில் மொட்டைக் கடிதம் எழுதிப் பழகிய கை சபைத் தேர்தலிலும் எழுதுகிறது. இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்த மெசஞ்சரைத் தேடிப் போனேன். ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருந்தார். எத்தனை வருஷம், எத்தனை நாள், எந்தெந்தப் பெயரில் என்று ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் எழுதி, அத்தனையும் இந்த ஒரே மனிதர்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார். மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"இதை இப்ப யார்ட்ட சார் காட்ட?" என்றார்.

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். சகேயு மாதிரி நாலத்தனை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சகேயு வாங்கியது பணம், அதைத் திருப்பிக் கொடுக்கலாம். வராமல் போன ஒரு வேலைக்கு, வராமல் போன பென்ஷனுக்கு, அதனால் நடக்காமல் போன பிள்ளைகள் படிப்புக்கு நாலத்தனை எவ்வளவு? வங்கிக்காரன் எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை. கொண்டுபோன பணத்தை அவர் வாங்கவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்புகிறேன், வாங்க சார் என்றார். போனேன். பந்தியில் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "எங்க பழைய மேனேஜர்" என்று எல்லாருக்கும் சொன்னார்.

இதை ஏன் இத்தனை வருஷம் கழித்து இங்கே சொல்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது. பேச்சு முடியப்போகிறது, இது அறிவிப்பு மாதிரி.

நம் சபை நர்சரிப் பள்ளியின் கணக்கைப் பார்க்கும்படி கமிட்டி போன மாதம் என்னிடம் கொடுத்தது. சம்பளப் பதிவேட்டைப் பார்த்தேன். டீச்சர்மார் கையெழுத்துப் போடுகிற தொகை ஒன்று, கையில் வாங்குகிற தொகை வேறு. இது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை என்கிறார்கள். எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் என்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சாவிக்கொத்தைக் கொடுத்தவரும் அப்படித்தான் சொன்னார். அந்தப் பதிவேட்டில் தணிக்கையாளர் கையெழுத்துக்கு என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அதில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, போடப்போவதும் இல்லை.

எழுதுகிற சம்பளத்தையே கையில் கொடுக்கவேண்டும், பிடித்த மீதியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அடுத்த கமிட்டியில் தீர்மானம் கொண்டுவருகிறேன். பணம் இல்லை என்பார்கள். கோபுரத்துக்கு விளக்குப் போட வைத்திருக்கிற பணம் இருக்கிறது, அதையும் பதிவேட்டில் பார்த்தேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வேதபாட அறையில் இருப்பேன், வந்து பெயரைக் கொடுங்கள். உங்கள் சொந்தப் பெயராக இருக்கட்டும்.